ஊரை நகரம் விழுங்கிய பிறகு: சென்ட் லோரன்ட்டின் முந்நூறு ஆண்டுகள்

மொன்றியலில் சென்ட் லோரன்ட் என்றால் ஆறா, நகரைக் கிழக்கு மேற்காகப் பகுக்கும் நெடுவீதியா, தீவின் வடமேற்கில் இருக்கும் ஊரா என்று கேட்டுத் தெளிய வேண்டும். இக்கட்டுரை ஊரைப் பற்றியது. இன்று அது மொன்றியல் மாநகரின் உட்பிரிவுகளான 19 போரோக்களில் ஒன்று. 42.8 சதுர கிலோமீட்டர் கொண்ட அதுவே அவற்றுள் பரப்பில் மிகப் பெரியது. 2021 கணக்கெடுப்பில் அங்கே 1,02,104 பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு நாடுகளில் பிறந்து வந்தவர்கள்.

இந்த இடம் 1720இல் ஒரு கத்தோலிக்கப் பங்காகத் தொடங்கியது. 1893இல் கிராமம், 1908இல் சிறுநகரம், 1955இல் நகரம் என்று படிப்படியாக உயர்ந்து, 2002இல் மாநகரத்தின் ஒரு பகுதியாக ஒடுங்கியது. விளைநிலமாக இருந்த காலம், விமானம் செய்த காலம், மருந்தும் மின்னணுவும் ஆராயும் காலம் என அதன் பிழைப்பும் மாறியது. பிரெஞ்சு உழவர்கள் இருந்த தெருக்களில் இன்று அரபும் சீனமும் கிரேக்கமும் தமிழும் கேட்கின்றன. இத்தனையும் மாறிய பின்பு எஞ்சியிருப்பதை 'ஊர்' என்று சொல்லலாமா?

உலகெங்கும் பெருநகரங்களின் ஓரத்தில் இருந்த கிராமங்களைப் பற்றி எழும் கேள்விதான் இது. சென்னைக்காரர்கள் அம்பத்தூரையோ வேளச்சேரியையோ எண்ணிப் பார்க்கலாம். விடை தேட மூன்று அளவுகோல்கள் போதும்: ஊருக்கு உரிய நிலம், ஊரார் கூடும் இடங்கள், ஊரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை. சென்ட் லோரன்ட்டில் இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்திருக்கின்றன.

நிலம்: நீண்டு ஒடுங்கிய வயல்கள்

மொன்றியல் ஒரு தீவு. தெற்கே சென்ட் லோரன்ட் ஆறு, வடக்கே பிரேரி ஆறு, நடுவில் மவுன்ட் ரோயல் குன்று. சென்ட் லோரன்ட் அக்குன்றின் பின்புறத்தில், தீவின் உட்பகுதியில் விரிந்திருக்கும் சமதரை. ஆற்றங்கரை ஊர்களே முதலில் தோன்றும் நாட்டில் இந்த உள்நாட்டு ஊர் சற்றுத் தாமதமாகத்தான் உருவானது.

1663 முதல் தீவு முழுவதும் சுல்பிசியன் குருக்களின் நிலவுரிமையில் இருந்தது. அவர்கள் நிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து உழவர்களுக்கு வழங்கினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முகப்பு குறுகியதும் நீளம் மிக்கதுமான ஒரு துண்டு கிடைத்தது. துண்டுகளின் முகப்பை ஒட்டி ஒரு பாதை, அந்தப் பாதையோரம் வரிசையாக வீடுகள். இந்த வரிசைக்கு 'கோட்' என்று பெயர். இன்று மகிழுந்துகள் நெரியும் கோட்-வெர்டு, கோட்-டெ-லியெஸ் ஆகிய பெருஞ்சாலைகள் அந்த உழவர் வரிசைகளின் தடம்தான். வீடுகள் ஓரிடத்தில் கொத்தாக அமையாததால் கிராமத்துக்கு நடுவிடம் என்று தொடக்கத்தில் எதுவும் இல்லை. அதைப் பின்னால் தேவாலயமே உண்டாக்கித் தந்தது.

குடியேற்றம் தாமதமானதற்கு அரசியல் காரணமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களும் ஹொடனோசௌனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பினரும் போரில் இருந்தார்கள். கோட்டையை விட்டு உள்ளே தள்ளிக் குடியிருப்பது உயிருக்கு ஆபத்து. 1701இல் ஏறத்தாழ நாற்பது பூர்வகுடி நாடுகள் பிரான்சோடு மொன்றியலில் கையெழுத்திட்ட பெரும் சமாதான உடன்பாட்டுக்குப் பிறகே உள்நாட்டு வரிசைகளில் வீடுகள் பெருகின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தனிப் பங்கு நிறுவும் அளவுக்கு மக்கள் சேர்ந்தார்கள். உழவர் கைக்கு வந்த அந்த நிலத்துக்கு முன்பே ஒரு வரலாறு இருந்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கனியென்கெஹாக்கா மக்கள் இத்தீவை இன்றும் தியோதியாக்கே என்றே அழைக்கிறார்கள்.

நிலவுரிமைமுறை 1854இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டாலும் வயலின் வடிவம் மாறவில்லை. பிற்காலத்தில் மனை பிரித்தவர்கள் அந்த நீளத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் தெரு போட்டார்கள். ஆகவே சென்ட் லோரன்ட்டின் பழைய பகுதியில் தெருக்கள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடுவதற்குக் காரணம் பொறியாளர்களின் கணக்கைவிட உழவர்களின் ஏர்த்தடம்தான். நீரோடைகளுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. வயல்களின் நீரைப் பிரேரி ஆற்றுக்குக் கொண்டுபோன ரெம்போ ஓடையின் பெரும்பகுதி இன்று தரைக்கடியில் குழாய்க்குள் இருக்கிறது.

பங்கும் கல்லூரியும்

மொன்றியல் அடங்கிய கியூபெக் மாகாணத்தில் ஒரு கிராமத்தைப் பங்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பங்கின் பதிவேடே பதிந்தது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில்தான் அறிவிப்புகளும் ஊர்ப்பேச்சும். இன்று சென்ட்-குருவா அவென்யூவில் நிற்கும் கல் தேவாலயம் 1830களில் கட்டப்பட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் அந்தப் பத்தாண்டு ஊர்வாசலில் அரசியலும் பேசப்பட்ட காலம். 1837 மே 15 அன்று மொன்றியல் பகுதி மக்களின் கூட்டம் சென்ட் லோரன்ட்டில் கூடியது. பிரெஞ்சுக் கனடியத் தலைவர் லூயி-ஜோசஃப் பாப்பினோ பேசினார். தங்கள் சட்டசபையின் ஒப்புதலின்றி வரிப்பணத்தைச் செலவிடப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆளுநருக்கு அதிகாரம் தந்ததை எதிர்த்த பேச்சு அது. அதற்குப் பதிலடியாக அவர் முன்வைத்த வழி, இறக்குமதிப் பொருள்களைத் தவிர்த்து உள்ளூர்த் துணியையும் உள்ளூர்ச் சரக்கையும் பயன்படுத்துவது. வங்காளத்திலும் தூத்துக்குடியிலும் சுதேசி இயக்கம் எழுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கனடிய உழவர் கிராமத்தில் அந்நியத் துணிப் புறக்கணிப்பு அரசியலாகியிருக்கிறது. ஆண்டிறுதியில் வெடித்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதன் பின் வந்த தலைமுறையில் ஊரின் தலைமை அரசியல்வாதிகளிடமிருந்து குருக்களிடம் நகர்ந்தது.

அந்த நகர்வின் பெரிய அடையாளம் 1847. பங்குத்தந்தை ஜான்-பத்தீஸ்த் சென்-ஜெர்மேனும் மொன்றியல் ஆயர் இஞ்ஞாஸ் பூர்ஜேயும் விடுத்த அழைப்பை ஏற்று, பிரான்சின் ல மான் நகரிலிருந்து திருச்சிலுவை சபையின் குருக்களும் சகோதரர்களும் சகோதரிகளும் அடங்கிய ஒரு சிறு குழு வந்திறங்கியது. சபையை நிறுவியவர் பசீல் மொரோ. (திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி நடத்துவது வேறொரு சபை, பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.) அவ்வாண்டே ஆண்களுக்கான கல்லூரி தொடங்கியது. பெண்களுக்கான விடுதிப்பள்ளியும் பின்னர் கல்லூரியும் சகோதரிகள் கையில் வளர்ந்தன. சில நூறு குடும்பங்கள் இருந்த கிராமத்துக்குத் தொலைவிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். நடுவிடம் இல்லாத ஊருக்குத் தேவாலயமும் இரு கல்விச்சாலைகளும் சேர்ந்து ஒரே அவென்யூவில் நடுவிடம் அமைத்துத் தந்தன.

கல்லூரியின் செல்வாக்கு வகுப்பறையோடு நிற்கவில்லை. 1937இல் எமீல் லெகோ என்ற திருச்சிலுவைக் குரு 'லெ கொம்பாஞ்ஞோன் தெ சென்ட் லோரன்ட்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பக்தி நாடகத்தில் புறப்பட்ட அக்குழு மொலியேரையும் சமகாலப் பிரெஞ்சு நாடகங்களையும் மேடையேற்றி, கியூபெக்கின் நவீன அரங்குக்கு ஒரு தலைமுறை நடிகர்களை உருவாக்கியது. 1952இல் கலைந்தது. ஒரு கிராமப் பங்கின் பெயர் நாடக வரலாற்றில் இடம்பிடித்தது இப்படித்தான்.

இன்னொரு வியப்பும் அதே வளாகத்தில் நிற்கிறது. மொன்றியல் மையத்தில் 1860களில் பிரெஸ்பிட்டீரியன் சபையார் எழுப்பிய கோதிக் பாணித் தேவாலயம் ஒன்று இடிபட இருந்தது. 1930-31இல் அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து கல்லூரியின் சிற்றாலயமாகக் கத்தோலிக்கர்கள் திரும்பக் கட்டினார்கள். இரு சபைகளும் நேரெதிர் அணியில் இருந்த காலம் அது. பின்னாளில் அக்கட்டடம் அருங்காட்சியகமானது. தச்சர், கொல்லர், நெசவாளர் செய்த பொருள்களைக் காட்டும் கியூபெக் கைவினை அருங்காட்சியகம் இன்று அங்கே இருக்கிறது.

தண்டவாளமும் ஓடுதளமும்

கிராமம் 1893இல் பங்கின் பிற நிலங்களிலிருந்து பிரிந்து தனி நகராண்மை ஆனது. அந்தப் பத்தாண்டிலேயே மின்சார டிராம் வந்தது. கார்டியர்வில் வரை போன 17ஆம் எண் டிராம் சென்ட் லோரன்ட்டைப் பெருநகரோடு அன்றாடம் இணைத்தது. கோடை ஞாயிறுகளில் நகரத்தார் ஆற்றங்கரைக்கு அதில்தான் போனார்கள். 1918இல் மவுன்ட் ரோயல் குன்றைக் குடைந்து ரயில் சுரங்கம் திறக்கப்பட்டதும் குன்றின் பின்புறம் என்ற தொலைவு சில நிமிடங்களாகச் சுருங்கியது. 1908இல் சிறுநகரமாக உயர்த்தப்பட்டபோது மனை வியாபாரம் சூடுபிடித்திருந்தது; ஆனால் மக்கள்தொகை வெகுகாலம் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. காய்கறித் தோட்டங்களும் கல்லூரி மணியுமாகவே ஊர் நீடித்தது.

அதை மாற்றியது விமானம். ஊரின் வடமேற்கிலிருந்த புவா-ஃபிராங் சமவெளியில் ஒரு போலோ திடல் இருந்தது. 1911ஆம் ஆண்டளவில் அங்கே விமானங்கள் பறக்கத் தொடங்கின. அதுவே கார்டியர்வில் விமானநிலையமாக வளர்ந்தது. 1930களில் விமான வடிவமைப்பாளர் ராபர்ட் நூர்டெய்ன் கார்டியர்வில்லில் தொழிற்சாலை வைத்தார். அவர் வடிவமைத்த நோர்ஸ்மன், சக்கரத்திலும் பனிச்சறுக்கிலும் மிதவையிலும் இறங்கும். சாலையில்லாத வடபகுதிகளுக்கு அது சரக்கும் மருத்துவரும் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கான நோர்ஸ்மன்களுக்குத் தேவை எழுந்தது. 1944இல் போர்க்காலத் தொழிற்சாலை ஒன்று கனடேர் என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. சேபர் போர்விமானம் மட்டும் 1,815 அங்கே தயாரானது. ஏரியின் மேற்பரப்பைத் தொட்டுப் பறந்தபடியே வயிற்றில் நீரை நிரப்பிக் காட்டுத்தீயை அணைக்கும் சிஎல்-215 மஞ்சள் விமானம் 1967இல் முதன்முதலாகப் பறந்தது. கியூபெக் காடுகளிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் அதன் வாரிசுகள் இன்றும் தீயணைக்கின்றன.

ஐம்பதுகளில் கனடேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். போரிலிருந்து திரும்பியவர்களுக்கான நோர்விக் குடியிருப்பும் நோர்கேட் அடுக்ககங்களும் எழுந்தன. நோர்கேட்டில் நாற்பதுகளின் இறுதியில் கடைத்தொகுதியும் வந்தது. வண்டி நிறுத்தப் பெரிய வெளி, அதைச் சுற்றிக் கடைகள் என்ற அமைப்பு கியூபெக்குக்கு அப்போது புதிது. 1951இல் ஏறத்தாழ இருபதாயிரமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் ஐம்பதாயிரத்தை நெருங்கியது. 1959இல் 17ஆம் எண் டிராம் நின்றது. அதே காலத்தில் ஊரின் நடுவே தூண்கள் மேல் மெட்ரோபொலிட்டன் நெடுஞ்சாலை ஏறியது. சாலையோரம் தொழிற்கூடங்கள் வரிசைகட்டின. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தலைமையகத்தை 1956இல் கோட்-டெ-லியெஸ் சாலையில் அமைத்துக்கொண்டது. அசைவூட்டக் கலைஞர் நோர்மன் மக்லாரன் அங்கேதான் நெடுங்காலம் பணியாற்றினார். போரோவின் இரு தேர்தல் வட்டாரங்களில் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது, மற்றது கோட்-டெ-லியெஸ். ஒன்று உழவர் வரிசை, இன்னொன்று திரைப்படக்காரர்.

அறுபதுகளில் கியூபெக் சமூகம் மதத்தின் பிடியிலிருந்து வேகமாக விடுபட்டது. கல்வியும் மருத்துவமும் சபைகளிடமிருந்து அரசின் கைக்கு வந்தன. திருச்சிலுவைக் கல்லூரி 1968இல் செஜெப் எனப்படும் அரசு முன்பல்கலைக் கல்லூரியானது. சகோதரிகளின் கட்டடத்தில் 1970இல் ஆங்கிலவழி வனியர் கல்லூரி தொடங்கியது. தேவாலயம் உருவாக்கிய நடுவிடத்தைத் தேவாலயத்தின் செல்வாக்கு குன்றிய பின்னும் மாணவர்கள் நிரப்பினார்கள்.

ஓடுதளத்தின் மேல் வீடுகள், சதுப்பின் மேல் பூங்கா

1986இல் கனடேரை பொம்பார்டியே வாங்கியது. 1988இல் கார்டியர்வில் விமானநிலையம் மூடப்பட்டது. சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட நிலையில் சோதனைப் பறப்புகளுக்கு அது பொருந்தவில்லை. அந்த ஓடுதளத்தின் மேல் தொண்ணூறுகளில் புவா-ஃபிராங் குடியிருப்பு எழுந்தது. திட்டமிட்டவர் லூயி சாவர். சிறு சதுக்கங்கள், குளங்கள், நடந்துபோகும் தூரத்தில் கடை என்று பழைய ஐரோப்பிய ஊரை நினைவூட்டும்படி வரைந்தார். உண்மையான கிராமம் நகரமாகி முடிந்த இடத்தில், கிராமம்போல ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் நடுத்தர வர்க்கம் வந்துசேர்ந்தது.

1987இல் மேற்கே டெக்னோபார்க் தொடங்கியது. ஆய்வுக்கூடங்கள், மருந்து, தொலைத்தொடர்பு, விண்வெளித் தொழில்கள். இன்று தீவில் நகர மையத்துக்கு அடுத்த பெரிய வேலைக்களம் சென்ட் லோரன்ட்தான். ஆனால் டெக்னோபார்க் இருக்கும் நிலமும் அதை ஒட்டிய விமானநிலைய நிலமும் தீவில் எஞ்சிய கடைசிச் சதுப்புகளைக் கொண்டவை. இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மொனார்க் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் எருக்கினப் பாற்செடிகள் அங்கே வயலாக நிற்கின்றன. 2016இலிருந்து அங்கே கட்டடத் திட்டம் ஒன்று வரும்போதெல்லாம் பறவை நோக்குபவர்கள் போராட வேண்டியிருக்கிறது. 2021இல் முகக்கவச மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலைக்கான திட்டம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

சென்னையின் பள்ளிக்கரணையோடு ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும். அங்கும் சதுப்பு முதலில் வெற்றுநிலம் என்று கணக்கிடப்பட்டது. அதன் மேல் குப்பைக்கிடங்கும் தகவல்தொழில்நுட்ப வளாகங்களும் ஏறிய பிறகே எஞ்சியது மதிப்புப் பெற்றது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி கிடைத்தது. சென்ட் லோரன்ட்டில் கூடுதல் முடிச்சு ஒன்று உண்டு. சதுப்பின் ஒரு பகுதி கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான விமானநிலைய நிலம். அதன்மேல் போரோவுக்கு அதிகாரமில்லை. போரோவால் முடிந்தவை வேறு இடங்களில் நடக்கின்றன. உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் புல்லை வெட்டிக்கொண்டிருந்த வெளியைப் பல்லுயிர் வழித்தடமாக மாற்றும் திட்டத்தைக் கடந்த பத்தாண்டில் அது தொடங்கியது. புவா-ட-லியெஸ் இயற்கைப் பூங்காவின் ஒரு பகுதியும் இதன் எல்லைக்குள் வருகிறது.

ஆக, முதல் அளவுகோலில் விடை கடுமையானது. வயல் போய்விட்டது, ஓடை மறைந்தது, சதுப்பு ஊசலாடுகிறது. பழைய ஊரின் நிலம் தெருக்களின் திசையிலும் சாலைப் பெயர்களிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

வந்தவர்களின் ஊர்

இரண்டாம் அளவுகோலில் கதை வேறு. தொழிற்சாலைகள் எழுந்த காலத்திலிருந்தே சென்ட் லோரன்ட்டுக்கு வெளிநாட்டவர் வந்துகொண்டிருக்கிறார்கள். மொரோக்கோவிலிருந்து யூதர்கள், எகிப்திலிருந்தும் லெபனானிலிருந்தும் கிறிஸ்தவர்கள், கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள், பின்னர் அல்ஜீரியர், சீனர், தென்னாசியர். 1975இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போர் இந்தப் பகுதிக்கு ஒரு பெரும் அலையை அனுப்பியது. கியூபெக் இஸ்லாமிய மையம் 1965இலேயே நிறுவப்பட்டு, மாகாணத்தின் முதல் பள்ளிவாசலாக இங்கே இயங்கிவருகிறது. ஒரு கத்தோலிக்கப் பங்கின் எல்லைக்குள் அது முளைத்தது என்பது அந்தக் கால மாற்றத்தின் வேகத்தைக் காட்டும்.

தமிழர்களின் வருகை சற்றுப் பின்னால். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகள் மொன்றியலுக்கு வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தபோது, அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்ககங்கள். கையில் காசு சேர்ந்ததும் லவாலிலும் தீவின் மேற்கிலும் சொந்த வீடு. மொன்றியல் திருமுருகன் ஆலயம் மேற்கே டொலார்-டெ-ஓர்மோவில் அமைந்தது அதனால்தான். இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையில், தொழிற்சாலை வேலைக்கும் மெட்ரோவுக்கும் அருகில் கிடக்கிறது சென்ட் லோரன்ட்.

1977ஆம் ஆண்டு மொழிச் சட்டமான 101 இவர்கள் அனைவர் வாழ்விலும் தலையிட்டது. புதிதாக வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். எனவே மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகள் ரொறொன்ரோ பிள்ளைகளைப்போல ஆங்கிலத்துக்குள் மட்டும் கரையவில்லை. வகுப்பில் பிரெஞ்சு, தொலைக்காட்சியிலும் நண்பர்களிடமும் ஆங்கிலம், வீட்டிலும் சனிக்கிழமைப் பள்ளியிலும் தமிழ் என்று வளர்கிறார்கள். மொழி மானுடவியலாளர் சோனியா தாஸ் 2016இல் வெளியிட்ட நூல் இந்நிலையை நுணுக்கமாக ஆராய்கிறது. மொன்றியலில் ஈழத்தமிழர் எழுத்துத் தமிழின் காவலர்களாகவும் இந்தியத் தமிழர் பேச்சுத் தமிழ்க்காரர்களாகவும் அடையாளம் பெற்றதை அவர் விவரிக்கிறார். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையிலான பழைய கியூபெக் போட்டி அதற்குப் பின்னணியாக இருந்ததையும் காட்டுகிறார். மொழிச் சண்டை நடக்கும் ஊருக்குப் போனால் வந்தவர்களும் தம் மொழிக்குள் அணி பிரிகிறார்கள் என்பது எண்ணத்தக்கது.

சென்ட்-குருவா அவென்யூ இந்தக் கதையில் மறுபடியும் முக்கியமாகிறது. பிரெஞ்சில் பள்ளி முடித்த பதினேழு வயதுப் பிள்ளைக்குச் செஜெப்பில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஒரே அவென்யூவில் சென்ட் லோரன்ட் செஜெப் பிரெஞ்சில், வனியர் ஆங்கிலத்தில். இரண்டும் திருச்சிலுவை சபையின் பழைய கட்டடங்களில் இயங்குபவை, கியூபெக்வாசிகளுக்குக் கட்டணமில்லை. 2022இல் வந்த சட்டம் 96 ஆங்கிலச் செஜெப்புகளின் சேர்க்கைக்கு வரம்பு விதித்ததால் அந்தத் தேர்வு இப்போது இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. 1984இல் டூ கொலேஜ், 1986இல் கோட்-வெர்டு என்று மெட்ரோ நிலையங்கள் திறந்த பிறகு தீவெங்கிலுமிருந்து மாணவர்கள் அங்கே குவிகிறார்கள். மடம் கட்டியவர்கள் கனவிலும் எண்ணியிராத கூட்டம். ஆனால் மடம் உருவாக்கிய அதே கூடுமிடம்.

கல்லூரி வாசல் தாண்டினால் நிலை எல்லோருக்கும் சமமில்லை. பிளாஸ் பெனுவா, ஹாட்ஜ், ஷமெரான், லபோ போன்ற அடுக்ககப் பகுதிகளில் புதிதாக வந்த குடும்பங்கள் வாடகைச் சுமையோடு நெருக்கமாக வாழ்கிறார்கள். அங்கே பிளாஸ் பெனுவாவின் பொன் குராஜ் சமூக மையம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவியும் பெரியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியும் செய்கிறது. காரி சென்ட் லோரன்ட் என்ற அமைப்பு வந்திறங்கியவர்களுக்கு வேலை, மொழி வகுப்பு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் வழிகாட்டுகிறது. 2013இல் திமென்ஸ் சாலையில் காட்டை ஒட்டித் திறந்த புவாசே நூலகம் பல மொழிப் புத்தகங்களோடு எல்லாத் தரப்பினரும் வந்துபோகும் இடமாகியிருக்கிறது. பங்கு செய்த வேலைகளைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். பதிவேடு அரசுக்கு, ஏழைக்கு உதவி சமூக மையத்துக்கு, கூடுமிடம் நூலகத்துக்கும் விளையாட்டரங்கத்துக்கும்.

ஆகவே கூடுமிடம் என்ற அளவுகோலில் சென்ட் லோரன்ட் தோற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே அடையாளத்துக்குள் கலந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவரவர் கோயிலும் மசூதியும் சந்தையும் அவரவருக்கு உண்டு. ஆனால் பொது வாசல் என்று சொல்லத்தக்க சில இடங்கள் இடிபடாமல் கைமாறியிருக்கின்றன. அந்தக் கைமாற்றம்தான் ஊரைக் காத்தது.

யார் ஆள்வது?

மூன்றாவது அளவுகோல் அதிகாரம். சென்ட் லோரன்ட் நகரம் தொழில்வரியால் செழித்தது. 1959இலிருந்து கால்நூற்றாண்டு மேயராக இருந்த மார்செல் லோரன் காலத்தில் அது பெருமிதம் கொண்ட புறநகர். 2000 டிசம்பரில் கியூபெக் அரசு ஒரு சட்டம் நிறைவேற்றி, தீவின் 28 நகராண்மைகளையும் ஒரே மொன்றியலாக்கியது. 2002 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்து வந்த ஆட்சி பிரிந்துபோக விரும்பும் பகுதிகளுக்கு வாக்கெடுப்பு அளித்தது. 2004 ஜூன் 20 அன்று சென்ட் லோரன்ட்டில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் பிரிவை ஆதரித்தார்கள். ஆனால் ஆதரவு வாக்குகள் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் 35 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. பதினைந்து நகராண்மைகள் 2006இல் வெளியேறின. சென்ட் லோரன்ட் உள்ளேயே நின்றது.

அந்த வாக்கெடுப்பை ஊர்ப்பற்றின் தோல்வி என்று சிலர் படிக்கலாம். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் ஊரை மீட்க விரும்பினார்கள். வராதவர்களே முடிவைத் தீர்மானித்தார்கள். இதில் மக்கள்தொகையின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடியக் குடியுரிமை இல்லாதவருக்குக் கியூபெக்கின் உள்ளூர்த் தேர்தலிலும் வாக்கில்லை. குடியுரிமை பெற்றவர்களிலும் வந்து சில ஆண்டே ஆனவருக்குப் பழைய நகராண்மையின் மேல் உணர்வுப் பிணைப்பு எங்கிருந்து வரும்? ஊரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஊரைப் பற்றி முடிவெடுக்கிறவர்களுக்கும் இடையே ஒரு பிளவு விழுந்திருக்கிறது.

அம்பத்தூரோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமையும் வேற்றுமையும் தெளியும். ஏரிப்பாசன ஊராக இருந்தது, 1964இல் தொழிற்பேட்டை வந்தது, நகராட்சியாக வளர்ந்தது, 2011இல் வேறு 41 உள்ளாட்சிகளோடு சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அங்கே வாக்கெடுப்பு என்ற பேச்சே எழவில்லை. அதன்பின் 2016 முதல் 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இருக்கவில்லை. மண்டல அலுவலகம் இருந்தது, மன்றம் இல்லை. சென்ட் லோரன்ட்டுக்குப் போரோ மேயரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட மன்றம் இருக்கிறது. பனி அள்ளுதல், பூங்கா, நூலகம், மனை அனுமதி ஆகியவற்றில் அதற்கு அதிகாரம் உண்டு. 2001 தேர்தலில் வென்ற ஆலன் டிசோசா இணைப்புக்குப் பிந்தைய போரோவின் முதல் மேயரானார். பிரெஞ்சு உழவர்களின் கிராமத்துக்குத் தென்னாசியப் பின்னணி கொண்ட ஒருவர் தலைவரானதில் அந்த மாற்றத்தின் சாரம் இருக்கிறது. ஆனாலும் பெரிய வரியும் பெரிய திட்டமும் மாநகர் கையில். விமானநிலைய நிலம் கூட்டாட்சியின் கையில். ஊரைக் குறுக்கே கடக்கும் புதிய ரெம் ரயிலின் தடமும் நிலையங்களும் மாகாண ஓய்வூதிய நிதியத்தின் நிறுவனத்தால் முடிவானவை.

மூன்று அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் துலங்குகிறது. கிராமம் ஊராக நீடிப்பதற்கு அதே மக்கள் நீடிக்க வேண்டியதில்லை. அதே தொழிலும் அதே மதமும்கூட வேண்டியதில்லை. சென்ட் லோரன்ட்டில் அவை எல்லாம் மாறியபின்னும் ஊர் ஊராகவே இருக்கிறது, ஏனெனில் பொதுவிடங்களைப் புதியவர்கள் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். நிலம் காக்கப்படாததற்குக் காரணம், அது எக்காலத்திலும் பொதுவிடமாகக் கருதப்படாததுதான்: உழவர் காலத்தில் தனியார் துண்டு, தொழிற்சாலைக் காலத்தில் மனை, இன்று முதலீடு. சதுப்பை நூலகம்போலப் பொதுச்சொத்தாக எண்ணத் தொடங்கியிருப்பது அண்மைக் காலத்தில்தான்.

எஞ்சியிருப்பது அதிகாரம். ஒரு ஊரில் வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தொழிற்சாலையில் உழைத்து, பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவருக்கு அந்த ஊரின் மன்றத் தேர்தலில் வாக்கு இருக்க வேண்டுமா என்ற கேள்வியைக் கியூபெக் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவீடன், அயர்லாந்து போன்ற நாடுகள் குடியுரிமை பெறாத குடியிருப்பாளருக்கு உள்ளாட்சி வாக்கைப் பல பத்தாண்டுகளாக அளித்துவருகின்றன. தம் சட்டசபையைக் கேட்காமல் தம் பணத்தைச் செலவிடக்கூடாது என்று 1837இல் சென்ட் லோரன்ட்டில் கூடியவர்கள் முழங்கினார்கள். அந்த நியாயத்தை இன்றைய குடியிருப்பாளருக்கும் நீட்டினால், வந்தவர்கள் அந்த ஊரில் வாழ்பவர்களாக மட்டும் நிற்காமல் அதை நடத்துபவர்களாகவும் ஆவார்கள்.